கோட்டைமேடு

ஜெராஷில் ஒரு வெள்ளிக்கிழமை.
தையல் ஆலைக்கு விடுமுறை.
ரோமாபுரிக்காரர்கள் கட்டிய அரைவட்டப் படிகளில்
இருக்கைக்கு இருக்கை எண் வெட்டியிருந்தது.
நடுக்கல்லில் நின்று
வழிகாட்டி ஒருமுறை கைதட்டினான்;
கடைசி வரிசையில் என் காதுக்குள் வெடித்தது.
எந்த ஊர் என்று கேட்டான்.
வைகை எப்போதாவது கடலைச் சேரும் இடம் என்றேன்.
புரியாமல் சிரித்து, படம் எடுத்துக் கொடுத்தான்.

இன்று அழகன்குளம்.
தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள்.
எங்கே என்ன கிடக்கிறதென்று
சீமைக்கருவேல வேர்களுக்குத்தான் தெரியும்.
நுழைவுச்சீட்டு இல்லை. உப்புக்காற்று.
செருப்பில் இடறியது ஒரு ஜாடியின் காது,
அங்கிருந்து மதுவோடு வந்தது.
உள்வளைவில் எவனோ அழுத்திய கட்டைவிரல்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்,
அவனுக்குக் கொஞ்சம் பெரிய கை.

ஆடு பத்தி வந்த ரபியத்து சொன்னாள்:
"அதத் தூரப் போடுங்க காக்கா,
குளம்புல குத்தி ரெண்டு குட்டி நொண்டுது."

எறியவும் இல்லை, பையில் போடவும் இல்லை.
வேரடி மண்ணைக் கிளறி, கூர்முனை கீழாகப் புதைத்தேன்.

பிறகு மேட்டில் ஏறி நின்று
ஒரு தடவை கைதட்டினேன்.
ஆடுகள் தலை தூக்கின.
கையில் தழை இல்லையென்று கண்டு
மறுபடி குனிந்துகொண்டன.