நிழல் இருக்கும் இடங்கள்

டூசானில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
வண்டி நிறுத்த நிழல் எங்கே கிடைக்கும் என்பதுதான்.

கால்பந்து அரங்கின் அடியில்
தொலைநோக்கிக்குக் கண்ணாடி வார்க்கிறார்கள்.
மூன்று மணிக்கு மேல் அதன் சுவர்
ஒரே ஒரு வேனுக்கு இடம் கொடுக்கும்.
ஓய்வெடுக்கும் விமானங்களின் பொட்டலில்
அதுவும் இல்லை.
ஈரமில்லாத காற்று, இரும்பு துருப்பிடிக்காது என்கிறார்கள்.
என் ஸ்டியரிங்கை ஒருமுறை தொட்டுவிட்டுச்
சொல்லட்டும்.

பதினோரு வருஷம். பன்னிரண்டு இருக்கை.
எந்த வாசலுக்குள்ளும் நான் போனதில்லை.
வெளியே வருகிறவர்களின் முகத்தைக் கொண்டு
உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

கண்ணாடிக் கூடத்திலிருந்து வருகிறவர்கள்
கையை வட்டமாக வீசிப் பேசுவார்கள்:
உலை சுழலுமாம்,
உருகிய கண்ணாடி ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து
தானே கிண்ணமாகுமாம்.
ஆறுவதற்கு மட்டும் மாதக்கணக்கு.
அவ்வளவு பொறுமை எனக்கிருந்தால்
மார்சலினா இன்னும் என் வீட்டில் இருந்திருப்பாள்.

கிட் சிகரத்திலிருந்து இரவில் இறங்குகிறவர்கள்
பேசவே மாட்டார்கள்.
ஓத்தாம் மக்களின் மலை அது.
வானம் பார்க்க வந்தவர்களுக்கு
அவர்கள் வைத்த பெயர் நீளக் கண்ணர்.
என் நீளக் கண்ணர்கள்
முதல் வளைவு தாண்டுவதற்குள் வாய் பிளந்து தூங்கிவிடுவார்கள்.
விளக்கைத் தணித்து
உருட்டிக்கொண்டு வருவேன்.

ஜூலையில் ஒரு வியாழன்.
ஏவுகணைச் சுரங்கத்தின் வாசலில்
ஒஹாயோக்காரர் ஒருவருக்கு வெயிலில் தலைசுற்றல்.
பரிசுக் கடையின் ஏசியில் உட்கார்ந்துகொண்டு
தன் சீட்டை என் சட்டைப்பையில் செருகினார்.
வீணாக வேண்டாம், போய் வாருங்கள்.

ஐம்பத்தைந்து படி.
கீழே குளிர்ச்சி. அதற்காகவே வந்திருக்கலாம்,
பதினோரு வருஷம் முன்பே.

ஹ்ருஸ்கா என்கிற வழிகாட்டி, செவி மந்தம்,
எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னார்.
இந்த அறையே சுருள்வில்லில் தொங்குகிறது.
மேலே ஊர் போனாலும்
இங்கே காப்பி தளும்பாது.
இரண்டு சாவித்துளை பாருங்கள்.
ஒரே ஆள் இரண்டையும் திருப்ப முடியாதபடி
தள்ளித் தள்ளி வைத்திருக்கிறோம்.

ஒன்றில் திருமதி ஓஸ்பர்க்,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
இன்னொன்றுக்கு ஆள் தேடிய கண்
என் காக்கிச் சட்டையில் நின்றது.
நீங்கள் வாருங்கள். சாவி பழகிய கை.

மூன்று, இரண்டு, ஒன்று.
திருப்பி, ஐந்து நொடி விடாமல் பிடிக்க வேண்டும்.
பிடித்தோம்.
பல்லைப் பிடுங்குகிறவளின் மணிக்கட்டு
கொஞ்சமும் அசையவில்லை.
என்னுடையது அசைந்தது.
மணி அடித்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.
அவ்வளவுதான் என்றார் ஹ்ருஸ்கா,
போய்விட்டது. திரும்பக் கூப்பிட முடியாது.

எல்லோரும் கைதட்டினார்கள்.
எங்கே போகிறது, என்று கேட்டேன்.
அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

இலக்கு ஒன்று, இலக்கு இரண்டு, இலக்கு மூன்று.
ஊர்ப்பெயரை எங்களுக்குச் சொன்னதே இல்லை.
இதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

விமான நிலையத்திலும் விடுதி வாசலிலும்
கதவைத் திறக்கும் முன்பே
நான் கேட்கிற முதல் கேள்வி அது.
அதைக் கேட்காமல்
ஒரு நாய்க்குட்டியைக்கூட ஏற்றியதில்லை.

மேலே வந்தால் வெயில் அப்படியே நின்றது.
சுரங்கத்தின் மூடி பாதி திறந்தபடி
அசையாமல் கட்டிப்போட்டிருக்கிறது.
உள்ளே நிற்கிறதன் மூக்கில் ஒரு ஓட்டை,
வெறுங்கூடு என்று
வானத்திலிருந்து வேவு பார்ப்பவருக்குக் காட்ட.

ஒஹாயோக்காரர் கேட்டார், எப்படி இருந்தது?
குளிராக இருந்தது என்றேன்.

திருமதி ஓஸ்பர்க் இம்முறை முன்னிருக்கையில் ஏறினார்.
வேன் சாவி சுட்டது; கைக்குட்டை சுற்றிச் செருகினேன்.
திருப்பாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து உயிர்க்கோளம், என்றேன் உரக்க,
பின்னிருக்கைவரை கேட்கும்படி.
எட்டுப் பேர் உள்ளே பூட்டிக்கொண்டு
மூச்சுக் காற்று போதாமல் திண்டாடிய
கண்ணாடி வீடு.
ஆரக்கிள் சாலை, வடக்கே, ஒன்றரை மணி நேரம்.
அங்கே ஒரு கருவேல மரம் உண்டு,
நான்கு மணி வரை.