சக உதரம்

கடைசி ஆறு மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா? இல்லை.
வயிற்றுப்போக்கு? இல்லை.
பெற்றுக்கொள்பவர் உங்களுக்கு என்ன உறவு?
அந்தக் கட்டத்தில் பேனா நின்றது.

பூபாலன்.
சாட்ஸ்வர்த்தில் அம்மா விட்டுப்போன வீட்டை
என்னிடம் சொல்லாமல் விற்றவன்.
ஒன்பது தீபாவளியாகப் பேச்சில்லை.
"உனக்கு வயிற்றெரிச்சல்" என்றான் கடைசியாக,
வக்கீல் ஆபீஸ் லிஃப்டில்.

இப்போது எரிவது அவன் வயிறு.
நாளுக்குப் பதினான்கு முறை, ரத்தமும் சளியும்.
கேமரா உள்ளே போய்ப் படமெடுத்து வந்தது:
டொங்காட் பக்கம் கரும்புக்காடு எரிந்த மறுநாள் போல,
இல்லை, அது கறுப்பு.
இது இன்னும் சிவப்பு.

யாரும் தீ வைக்கவில்லை என்றார் டாக்டர் ஸோண்டி.
அவன் காவல்படையே அவன் சுவரைச் சுடுகிறது.
"நாங்கள்தான், சுடாதே" என்று
காவலரிடம் தினமும் சொல்லிக்கொண்டு
குடலில் கோடிக்கணக்கில் குடியிருந்தவர்களில்
பாதிப் பேரைக் காணோம்.
எது கிளப்பியது அவர்களை? தெரியாதாம்.
எனக்குள் ஒரு லாரி போனது,
கேட்டோ மேனரிலிருந்து
அப்பாவைப் பானை சட்டியோடு ஏற்றிவந்த லாரி.

அவனுக்கு எதையும் கொடுத்திருப்பேன். பொய்.
வீட்டுப் பணத்தில் என் பாதி வராமல்
ஒரு தேங்காய் மூடிகூடத் தந்திருக்க மாட்டேன்.
அவர்கள் கேட்டதோ என் மலம்.
சிரித்துவிட்டேன். ஸோண்டியும் சிரித்தார்.
"பலிக்கலாம். பலிக்காமலும் போகலாம்."

மூன்று வாரம் புளித்த கூழ், சுகர் பீன்ஸ்,
சந்தையில் மிஸஸ் ந்தொம்பேலாவிடம் மதும்பிக் கிழங்கு.
யாருக்கு இவ்வளவு என்றாள்.
என் வயிற்றில் இருக்கிறவர்களுக்கு என்றேன்.
என் நரையைப் பார்த்து
ஒரு கிழங்கு கூடுதலாகப் போட்டாள்.

சகோதரன் என்றால் ஒரே உதரம்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்தது.
ஒரே வாசலால் வந்தோம்.
வரும்போதே எங்கள் மேல் அம்மா பூசி அனுப்பிய
கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம்தான்
வீட்டுக்கு முன்னால் அவள் எழுதிவைத்த சொத்து.
அவன் பங்கு தொலைந்தது.
என் பங்கில் கொஞ்சம்
ஐஸ் பெட்டியில், மூடி இறுக்கி,
என் பெயரில்லாத ஒரு சீட்டு ஒட்டிப் போகிறது.

ஆறாம் நாள் போனில் ஓர் எண் மட்டும் வந்தது: 11.
பெயரில்லை, வணக்கமில்லை.
நேற்று 7.
இன்று காலை 9.
என்ன பதில் போடுவதென்று தெரியாமல்
அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருக்கிறேன்.