இரும்பு உண்டா என்று கேட்டார்கள்

அரசு ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க
இருபத்திரண்டு நாள்.
இடுப்பு அதுவரை பொறுக்காதென்று
சீட்டைத் தள்ளி எடுத்துவிட்டாள் ரெஜினா.
ஏழாயிரத்து ஐந்நூறு, ரசீதோடு.
"டாக்டர் அனுப்பினாரா, நீங்களா வந்தீங்களா?"
இரண்டுக்கும் விலை வேறா என்று
கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

குன்னூரில் முன்பு பேக்கரி இருந்த இடம்தான் ஸ்கேன் சென்டர்.
காந்தம் லாரியில் ஏறி வந்த அன்று
பர்லியாறு வளைவில் இரண்டு மணி நேரம்
பஸ்ஸெல்லாம் நின்றதாம்.

கடிகாரம் கழற்றினேன். மோதிரம், பெல்ட்,
கழுத்துச் சிலுவை.
ஏ.டி.எம். கார்டையும் வைக்கச் சொன்னாள் ஷப்னா.
"பணத்தையும் இழுக்குமா?"
"கார்டைத்தான் கெடுக்கும் சார்."
உள்ளே இருபத்தைந்து நிமிடம், ஆடக் கூடாது,
சத்தத்துக்குக் காதில் பஞ்சு,
பயந்தால் அமுக்க ஒரு ரப்பர் குமிழ்,
அமுக்கினால் கட்டாயம் வெளியே எடுப்போம் என்றாள்.
அந்தக் கடைசி வார்த்தையை
ரெஜினா இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

பிறகு ஒரு தாள்.
நெஞ்சில் பேஸ்மேக்கர்? இல்லை.
மூளையில் கிளிப்? இல்லை.
காதுக்குள் கருவி? இல்லை.
குண்டடி? இல்லை.
கர்ப்பமா? அதற்கும் இல்லை.
கண்ணில் எப்போதாவது இரும்புத்துகள்?
இல்லை என்று பாதி எழுதிவிட்டது
பழகிப்போன கை.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

சி.டி.சி. ரோலருக்குப் பல் தீட்டுகிற வேலை,
இருபத்தாறு வருடம்.
கட்டபெட்டு, கோத்தகிரி, கொலக்கம்பை,
இந்தப் பக்கம் கொழுந்து அரைக்கிற ரோலரில் பாதி
என் லேத்தில் படுத்து எழுந்தவை.
கண்ணாடி உண்டு. ஆணியில் தொங்கும்.
இந்தக் குளிரில் மாட்டினால்
மூச்சு பட்டு மங்கிவிடும்.
விழுந்தால் கூட நிற்கிற பெள்ளி
கைக்குட்டை முனையை முறுக்கி எடுத்துவிடுவான்.
"ரோலர் ஸ்டெயின்லெஸ்மா,
காந்தம் பிடிக்காது" என்றேன்,
தெரிந்தவன் தோரணையில்.

"அதை வெட்டற உளி?"

உளி வேறு எஃகு.
சாணைக்கல்லில் வைத்தால் பொறி பறக்கும் எஃகு.
அதன் தூளை நானே
காந்தத்தால்தான் மேசையிலிருந்து வழிப்பேன்.

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.
"துகள் உள்ளே இருந்தா நகரும் சார்.
எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது.
முதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே."
முந்நூற்றைம்பது, தனி.
எதுக்கு, இடுப்புக்குத்தானே வந்தோம் என்றபடியே
பையைத் திறந்தாள் ரெஜினா.

படத்தில் என் மண்டை
யாருடைய மண்டையோ போல இருந்தது.
இடது கண்குழியில் ஒரு புள்ளி,
கசகசாவில் பாதி.

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.
கொழுந்து குவிந்த சீசன், இரவு ஷிப்ட்,
ஃபாக்டரி மேனேஜர் டார்ச்சோடு தலைமேல் நிற்கிறார்,
விடிவதற்குள் ரோலர் வேண்டும்.
சுருக்கென்றது.
வீட்டில் சின்னவள் பிறந்து பதினெட்டு நாள்.
ரெஜினா என்னை மடியில் சாய்த்து
கண்ணில் பால் பீய்ச்சினாள்.
மறுநாள் உறுத்தல் இல்லை.
போய்விட்டதென்று
இத்தனை வருடம் இருந்துவிட்டோம்.

ஸ்கேன் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்,
எக்ஸ்ரே போக.
கோயமுத்தூரில் கண் டாக்டரைப் பாருங்கள்,
இடுப்புக்கு வேறு வழி உங்கள் டாக்டர் சொல்வார்,
இந்தப் படத்தை மட்டும் தொலைக்காதீர்கள்,
எங்கே காந்தம் என்றாலும் முதலில் இதைக் காட்டுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கோ
டக் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது மெஷின்.
பெஞ்சில் ஒருவர், வெல்டிங் தழும்புக் கைகள்,
படிக்காமலே இல்லை இல்லை இல்லை என்று
மளமளவென்று போட்டு வந்தார்.
"அண்ணே, ஒவ்வொண்ணா படிங்க" என்றேன்.
முறைத்தார்.

கோத்தகிரி பஸ்ஸில்
படக்கவரை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி
வண்டிச்சோலை தாண்டும்வரை பேசவில்லை அவள்.
பிறகு கேட்டாள்:
"எந்தக் கண்ணுன்னு சொன்னாங்க?"
இடது.
"நான் பால் விட்டது
வலது கண்ணுலல்ல?"