குறை ஏதும் காணப்படவில்லை

ஹெப்பாள் மேம்பாலம் வளைகிற இடத்தில்
செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு
வண்டி என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது.

சத்தமில்லை, புகையில்லை.
மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும்,
கூட்டத்தில் தயங்கித் தயங்கிக்
கை தூக்குகிறவரைப்போல.

ஸ்டியரிங் இறுகிவிட்டது.
அப்பார்ட்மெண்ட் மொட்டைமாடியில்
துருவேறிய தண்ணீர் வால்வைத் திருகுவதுபோல
இரண்டு தோளையும் கொடுத்துத் திருப்பினேன்.
இடப்பக்கம் ஒரு பஸ்.
ஜன்னலோரத்தில் ஒரு பெண்
தலை பின்னிக்கொண்டிருந்தாள்.
எங்களுக்கு நடுவே ஒரு சாண்.
அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.
அந்தப் பின்னலின் மூன்று காலும்
எனக்கு இன்னும் தெரிகிறது.

ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.
சரியாகிவிட்டது.
அதுதான் வினை.

டாக்டர் வாசலை மிதித்ததும்
காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளையைப்போல
யஷ்வந்த்பூர் சர்வீஸ் சென்டரில்
அது அவ்வளவு சமர்த்தாக நின்றது.
திப்பேசுவாமி பின்தெருவில் இரண்டு சுற்று ஓட்டினார்.
வெண்ணெய் மேடம், என்றார்.
வீட்டில் சார் ஓட்டுவாரா?
சார் இல்லை.
இருந்த காலத்திலும் அவருக்கு ஓட்டத் தெரியாது.

வீல் அலைன்மெண்ட், ஆயிரத்து நூற்று எண்பது.
ஜாப் கார்டின் கடைசி வரியில்:
குறை ஏதும் காணப்படவில்லை.

அக்டோபரில் ஒரு முறை.
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு முறை.
மழையில், டின் ஃபேக்டரி சிக்னல் தாண்டி
லாரியின் பின்விளக்கு என் மடியில் விழுந்தபோது ஒரு முறை.
மூன்று கார்டு, மூன்று முத்திரை,
ஒரே வரி.

காபி மெஷின் பக்கத்துச் சோபாவில்தான்
மற்றவர்களைப் பார்த்தேன்.
டேனரி ரோடு ஷமீர் பாஷா,
பனசங்கரியில் கணக்கு டீச்சர் கிருபாவதி.
ஒரே மாடல், ஒரே மஞ்சள் விளக்கு.
தோளை எந்த இடத்தில் பிடித்துக்கொண்டு பேசுகிறோம்
என்பதுகூட ஒன்றாயிருந்தது.
நாலாவது வண்டி லாரியில் ஏறி வந்தது.
அதன் சொந்தக்காரர் வரவில்லை.
தம்பி வந்திருந்தார்.
அவர் சாவியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து
நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார்:
‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ன்னு எழுதியிருக்காங்க.
காபி மெஷின் உறுமி ஓய்ந்தது.

பிறகு நானும் விற்கத்தான் பார்த்தேன்.

புரோக்கர் முனிராஜு விலை பேசி முடித்திருந்தார்.
நாலு லட்சத்து நாற்பது.
நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும் அக்கா.
ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்
ருத்ரேஷும் அவன் மனைவியும்.
அவளுக்கு ஏழாவது மாதம்.
முன்சீட்டில் உட்கார்ந்து
பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தழைத்து
மெல்லப் பூட்டினாள்.
லிங்கராஜபுரத்தைச் சுற்றி வந்தோம்.
சண்டாளப் படுபாவி வண்டி
பூப்போல ஓடியது.

ஏதாவது பிரச்சினை இருக்கா ஆன்ட்டி?

பதில் நாக்கிலேயே இருந்தது.
முத்திரை குத்தி, கையெழுத்திட்டு,
மூன்று பிரதிகளில்.
யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லமுடியாத பதில்.
முனிராஜு வெளியே வானத்தைப் பார்த்தார்.
அவள் ஏசியின் முகத்தைத் தன் பக்கமிருந்து திருப்பினாள்,
குளிர் வயிற்றில் படாமல்.

இருக்கு, என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், பின்னல், லாரி,
அந்தத் தம்பியின் கையிலிருந்த சாவி.
நடுவில் முனிராஜு இறங்கிப் போய்விட்டார்.
ருத்ரேஷ் நன்றி சொன்னானா, நினைவில்லை.
கோபப்பட்டமாதிரிகூட இருந்தது,
ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டேனே என்று.

வாசலில் ஆட்டோ பிடித்தார்கள்.
ஒரு கையில் போன்,
மறு கையால் ஹேண்டில்பாரை ஒடித்து
பஸ்ஸுக்கும் தண்ணீர் டேங்கருக்கும் நடுவே
அரைவட்டம் அடித்துப் போனான் அந்த டிரைவர்,
அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு.

பேஸ்மெண்டில் உறை போர்த்தி நிற்கிறது.
இன்னும் இருபத்திரண்டு தவணை.
பஸ்ஸில்தான் போகிறேன், ஜன்னலோரமாக.
மேம்பாலம் வளையும்போது
தலை வாருவதை நிறுத்திவிட்டு
பக்கத்துக் கார்க்காரரின் கைகளைப் பார்க்கிறேன்.