துண்டு இலக்கம் அறுபத்து மூன்று

கையில் நிறுத்தற் கடிகாரமும் மட்டையும்.
தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வெளிநோயாளர் வாசலில்
மூன்று கிழமையாக எனக்கு வேலை
ஆட்கள் காத்திருப்பதை அளப்பது.

ஐந்து நாற்பதுக்கு வந்தவர். துண்டு அறுபத்து மூன்று.
டொக்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தது
பத்து ஐம்பத்திரண்டுக்கு.
எழும்ப இரண்டு நிமிசம் பத்து செக்கன்.
"காய்ச்சல், ஆறு நாள்."
பனடோல். அடுத்த ஆள்.

என் வரைபடத்தில் அது நல்ல புள்ளி.
கோடு கீழே இறங்கவேணும் பிள்ளை,
இறங்கினால்தான் வாற வருசக் காசு
எண்டிருந்தார் பேராசிரியர்.
இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

மார்கழி. விட்டுவிட்டு மழை.
வாங்குகளுக்குக் கீழே செருப்புகள் எல்லாம் செம்மண்.
வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி,
திரும்பவும் வசாவிளான்.
முகவரிகளை எழுத எழுத
படிவத்துக்குள் ஒரு முட்கம்பி வேலி தெரிந்தது,
ஆமி சுருட்டிக்கொண்டு பின்னுக்குத் தள்ளிப்போட்ட வேலி.
விடுபட்ட காணிகளில்
கூரையில்லாத வீடு, வீட்டுக்குள் ஆலமரம்,
நாயுண்ணிப் பற்றை, எலிப் பொந்து,
எலியின் காதுக்குள்
ஊசி முனையளவு சிவப்புப் பூச்சி.

அது தன் ஆயுளில் ஒரேயொரு தரம்தான்
ஒரு உடம்பைக் கடிக்கும்.
அதற்காகப் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும்.
(அதன் காத்திருப்பை அளக்க
எவரும் எனக்குச் சம்பளம் தரவில்லை.)
கிருமி அதற்குத் தாய்வழிச் சீதனம்.
கத்தியோடு குனிகிறவனின் மடிப்புத் தேடி ஏறி,
கக்கமோ, அரையோ, பெல்ட்டுக்குக் கீழோ,
நோகாமல் கடித்து விழுந்துவிடும்.
பிறகு கிருமி
இரத்தக் குழாயின் உள்பக்கச் சுவரில் குடியேறும்.
சுவர் கசியும்.
பனடோலுக்குக் காய்ச்சல் ஒரு மணித்தியாலம் பணியும்,
சுவருக்கு அது தெரியாது.

மூன்றாம் நாள்
அறுபத்து மூன்று ஓட்டோவில் வந்தார்.
அமிர்தசிங்கம், வயது நாற்பத்தேழு.
இம்முறை கதிரைக்கு எதிரே டொக்டர் அகல்யா,
மாற்றலாகி வந்து நாலு நாள், என் கோட்டைப் பற்றி
ஒருவரும் அவவுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"சேட்டைக் கழட்டுங்கோ."

அவர் கழற்றவில்லை.
மனிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார்.
மிசி திரையை இழுத்தா.
நான் வெளியே நின்று செக்கன்களைப் பார்த்தேன்.
ஒரு பொத்தான். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

"ஐயோ, சிகரெட்டால் ஆர் சுட்டது?"
சின்ன மிசியின் குரல்.

"முதுகில் ஆறு கிடக்கும்.
அது ஒம்பதாம் ஆண்டு, முகாமில.
கக்கத்துக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியாது தங்கச்சி.
நோகேல்லை.
நோகாததை நான் காயமெண்டு எண்ணுறேல்லை."

கறுத்த பொருக்கு, சுற்றிவரச் சிவப்பு.
"உண்ணிக் காய்ச்சல்" எண்டா அகல்யா,
டொக்சி எழுதினா, வார்ட்டில் போடச் சொன்னா.
மற்ற ஆறைப் பற்றி அவ எழுத
அந்தத் துண்டில் இடமில்லை.
என் படிவத்திலும் ஒரேயொரு பெட்டி:
காயம், ஆம் அல்லது இல்லை.

பதினொரு நிமிசம் இருபது செக்கன்.
வரிசை முணுமுணுத்தது.
வரைபடத்தில் அந்தப் புள்ளி
கூட்டத்தை விட்டுத் தனியே, பனை உயரத்தில்.
அதை எடுத்துவிடலாம் பிள்ளை,
விதிவிலக்குத்தானே, எண்டார் பேராசிரியர்.

எடுக்கவில்லை.
பழைய மட்டைகளை எல்லாம் பிரித்து
புதிதாக ஒரு நிரல் கீறினேன்:
சேட் கழற்றப்பட்டதா?
காய்ச்சலோடு வந்தவர் நாற்பத்தொரு பேர்.
கழற்றியவர் மூன்று.
மிச்சம் முப்பத்தெட்டுச் சேட்டுகளும்
பொத்தான் பூட்டியபடி
பனடோலோடு பஸ் ஏறிவிட்டன.

ஐந்தாம் நாள் வார்ட்டுக்குப் போனேன்.
காய்ச்சல் விட்டிருந்தது. கட்டிலில் இருந்து
சேட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்,
மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாய்.
நீட்டுக் கை, சப்பாத்து, கடிக்காத எண்ணெய்
எண்டு நான் அடுக்கத் தொடங்க
தன் பாட்டாச் செருப்பைக் காலால் தேடினார்.

"பற்றை இன்னும் அரைவாசி கிடக்கு பிள்ளை.
கிணறு எங்க எண்டே இன்னும் தெரியேல்லை."