காலியாகத் திறக்கும் தாள்

சம்பளத்துக்கு இன்னும் நான்கு நாள்.
பீடோரில் காலையில் போன கரண்ட் வந்துவிட்டது,
ஆபிஸ் ஏர்கோன்தான் இன்னும் யோசிக்கிறது.
பழைய கிராணி பாக்கியநாதன்
ஓய்வுபெற்றபோது விட்டுச் சென்றவை
ஒரு சாவிக்கொத்து, ஒருபக்கம் சாயும் நாற்காலி,
'அசல் தொடாதே' என்ற பெயரில் ஒரு கோப்பு.

பதினொரு வருஷமாக அதையே நகலெடுத்து
போன மாத ஆட்களை அழித்து
இந்த மாத ஆட்களை எழுதியிருக்கிறார்.
அழித்தது முழுசாக அழியவில்லை.
எழுபத்து மூன்றாம் வரிசையில்
யாரோ ஓர் அஞ்சலையின் முன்பணம், ஐம்பது வெள்ளி,
வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக,
கூட்டுத்தொகையில் மட்டும் உயிரோடு.
மாதாமாதம் ஐம்பது இடிக்கிறதே என்று
தலைமை அலுவலகம் கேட்டபோதெல்லாம்
சிஸ்டம் அப்படித்தான் என்று பதில் போயிருக்கிறது.

இன்று புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்தேன்.
திறந்ததும் தானாக வந்து நிற்கிற தாள்.
தேதியில் நாள் முதலில், மாதம் பிறகு:
இந்த மென்பொருள் எந்த ஊரில் பிறந்ததோ,
மே ஆறை ஜூன் ஐந்தாக்கி
ஒருத்தனின் மெடிக்கல் லீவையே விழுங்கியிருக்கிறது.
பணத்துக்குப் புள்ளி, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்.
காசை மறைக்காதே.
பிடித்தம் சிவப்பு, குலை எடை நீலம்,
ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு பெயர்.
இனி பெயரைத் தொட்டால் போதும்,
கட்டம் உடுப்பு மாற்றிக்கொள்ளும்.

பிறகு அகலம்.
பழைய தாளில் உபரிப்பணத்துக்கு ஐந்து எழுத்து இடம்.
போன மாதம் ரஃபிக்குல் சீட்டை விளக்குக்கு நேரே பிடித்து
இது பணமா, கம்பி வேலியா என்று கேட்டான்.
###### என்று இருந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு
அந்த வேலிக்குப் பின்னால் நின்றது.
கட்டத்தை அளந்தவர்
நூறு வெள்ளியைத் தாண்டி ஒருவன் சம்பாதிப்பான் என்று
நினைத்திருக்கவில்லை.
பன்னிரண்டாக இழுத்து வைத்தேன்.

கடைசியில் பெயர்.
அங்கே ஒரு சூத்திரம், எந்தப் பெயரை அடித்தாலும்
பின்னால் 'ஏ/எல்' ஒட்டிவிடும்.
அது எழுதப்பட்ட காலத்தில் பட்டியல் முழுக்க
இன்னார் மகன் இன்னார்தான்.
இப்போது அவர்களில் மூன்று பேர் மிச்சம்.
மற்றவர்கள் சில்ஹெட், லொம்போக், ஜாப்பா.
அழிக்கும் விசைமேல் விரலை வைத்தேன்.

"காக்," என்றது கவுண்டர் ஜன்னல்.
பீம் பகதூர். கையில் தொப்பி, தொப்பிக்குள் சீட்டு.
"என் பேருக்குப் பின்னால் ரெண்டு வருஷமா
ஏதோ நிக்குதே, அது என்ன?"
மகன் என்று அர்த்தம், என்றேன்.
"யாரோட மகன்?"

சீட்டில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

தொப்பியை ஒருமுறை சுற்றினான்.
"தில் பகதூர். இப்ப இல்லை.
போட முடியுமா?"
போட்டேன். பக்கத்துக் கட்டத்தில் வழிந்தது,
இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.
அவனுக்குப் பின்னால் நின்ற வாயன்
அம்மா பேர் போட இடமிருக்கா என்றான்.
இருக்கவில்லை.
வரிசையில் யாரோ சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை.

மணி ஆறு. சேமிக்கும்போது கேட்கிறது:
இனி எல்லாத் தாளும் இப்படியே திறக்கட்டுமா?
சூத்திரத்தை எடுத்துவிட்டேன்.
அந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம், தலைப்பு இல்லாமல்,
யார் பெயரும் கொள்கிற அகலத்தில்.
ஆமாம் என்று அழுத்தினேன்.

அஞ்சலையை என்ன செய்வதென்று தெரியவில்லை.
பழைய கோப்பைத் திறந்து
அவள் வரிசையைத் தேர்ந்து
எழுத்தைக் கறுப்பாக்கினேன்.
ஐம்பது வெள்ளி.
மூடும்போது, மாற்றங்களை வைத்துக்கொள்ளவா என்றது.