எழுத்துக் கூலி

எழுத்துக்கு முப்பது ரூபாய்,
கொம்புக்கும் காலுக்கும் தனிக்கணக்கு,
புள்ளி மட்டும் இனாம் என்றார்
ஆற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
கல்வெட்டும் கன்னியப்பன்.

தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.
இன்னாசி. தெரசாள். ராயப்பன்.
கோலார் சுரங்கத்திலிருந்து
பெட்டியில் வந்த அருளப்பன்.
அம்மை போட்டு ஒரே வாரத்தில் போன இரட்டையர்,
பெரிய சூசை சின்ன சூசை.
ஒரு சூசை போதும், பக்கத்தில் இரண்டு என்று போடு,
காசு மிச்சம் என்றாள் அக்கா.
போன தையில் அப்பா, பாக்கியநாதன்.
அதற்குக் கீழே ஒரு வரி காலி.

"இது இன்னாத்துக்கு?
ஆளு இன்னும் உசுரோட கீதா?"

இல்லை.
அறுபத்தொன்பதில் போனாள், அப்பாவின் தங்கை.
தண்ணி சேந்தப் போனவள் கால் வழுக்கிவிட்டது,
இது எங்கள் வீட்டில் சொல்வது.
குடம் அடுப்படியிலேயே இருந்தது,
இது ஊரில் சொல்வது.
மணி அடிக்கவில்லை. சாமியார் வரவில்லை.
மந்திரித்த மண் மதிலோடு முடிந்தது.
அதற்கு அந்தப் பக்கம் புறம்போக்கில்
முள்ளுக்குள் புதைத்தார்கள்.

கல்லறைத் திருநாளில்
எல்லாருக்கும் ஏற்றிய பிறகு
அப்பா கடைசி மெழுகுவர்த்தியை
மதில் மேல் வைப்பார்,
உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.
மிக்கேல் சம்மனசு கோவில் காற்றுக்கு
அது ஐந்து நிமிஷம் தாங்கினால் அதிகம்.

எனக்கு நினைவு தெரிந்து
மணலைத் தவிர எதையும் காட்டாத பாலாறு
ஒரு கார்த்திகையில் புங்கம்பட்டுக்குள் வந்து
மதிலைக் கொண்டுபோயிற்று.

புது மதிலுக்கு நூல் பிடித்த அன்று நான் இருந்தேன்.
பழைய அஸ்திவாரத்தின் மேலேயே
கொத்தனார் முளை அடித்தார்.
டீ குடித்துவிட்டு வந்தால்
முளை எட்டடி தள்ளி நின்றது, முள்ளைத் தாண்டி.
கொத்தனார் சாமியாரைப் பார்த்தார்.
சாமியார் செல்போனைப் பார்த்தார்.
அப்பாவின் வேட்டி விளிம்பில் சேறு.
அன்றைக்கு யார் வேட்டியில்தான் சேறில்லை?
சாமியார் அங்கியிலும் இருந்தது.
"செங்கல் ஆயிரம் கூட ஆவும்" என்றார் கொத்தனார்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
செங்கல் வந்தது.

இதையெல்லாம் கன்னியப்பனிடம் சொல்லவில்லை.
காலி வரியில் பேரை எழுதிக் காட்டினேன்.
மதலேனாள்.
அவர் சுண்ணக்கட்டியால் கல்லில் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
ம. த.
லேவுக்கு ரெண்டு. னாவுக்கு ரெண்டு.
ள்.
"ஏழு. இருநூத்திப் பத்து.
பத்த வுடுங்க, இருநூறு குடுங்க."

வேண்டாம் என்றேன்.
பையைத் துழாவிச்
சில்லறை தேடிக் கொடுத்தேன்,
பத்தும் சேர்த்து.